கவிழ்த்தாலும் விழாதது

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா?

ஆய்வுக்கூடத்தில் நான் செய்யும் ஜெல்லில் குட்டி மூலக்கூறுகள் கைகோத்து நின்று, தண்ணீரிலுள்ள சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். குப்பியைக் கவிழ்த்தாலும் வழியாவிட்டால்தான் அது ஜெல்.

நேற்று சோதனைக்குக் கழிவுநீர் எடுக்கச் சாயப்பட்டறைக்குப் போனேன். "வேவு பாக்க வந்தியாடா?" என்று மேஸ்திரி முகத்தில் குத்தினான். நாலு பேர் என் காலைப் பிடித்து, நீலத் தொட்டியில் தலைகீழாக முக்கி முக்கி எடுத்தார்கள்.

"கவுத்தும் ஒழுகல, நானும் ஜெல்லுதாண்ணே!" என்றேன். அதற்கும் விலாவில் ஓர் உதை. உன் பிள்ளை சும்மா வருவானா? ஒருத்தன் விரலைக் கடித்துக் குதறிவிட்டுத்தான் வந்தேன்.

உன் பழைய சேலை ஒன்று அனுப்பு, போர்த்திக்கொள்ள. துவைக்காமல் அனுப்பு.

ஜெல்லைத் தடவியதில் முகத்துச் சாயமெல்லாம் போய்விட்டது. கண்ணுக்குக் கீழே உள்ள நீலம் மட்டும் போகவில்லை. அது போகும்வரை வீடியோவில் கூப்பிடாதே.

அவசரத்தில்,
உன் மகன்