வெங்காயமும் இருபது படங்களும்

ஜூன் 3, திங்கள்
தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டு வரிசையான லயத்தின் கடைக்கு வெங்காயம் வாங்கப் போன தனுஷிகா வெறுங்கையோடு திரும்பி வந்தாள். "என்னமோ வாங்கச் சொன்னீங்களேம்மா" என்றாள். ஆறு வயது. முன்பென்றால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். இன்று ஏச வாயே வரவில்லை. என் அப்பாவுக்கு மறதி நோய் வந்து நான்கு வருஷம். அந்த நோய்க்கான மரபணு எனக்கும் இருக்கிறதென்று போன மாதம் ரிப்போர்ட் வந்தது. எனக்கு வந்தால் வரட்டும். இவளுக்குமா?

ஜூன் 9, ஞாயிறு
எங்களைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகளின் ஞாபகத்தைப் பார்க்கக் கண்டியிலிருந்து டாக்டர்மார் தலவாக்கலைக்கு வருகிறார்களாம். இருபது படம் காட்டி, மூடிவிட்டுக் கேட்பார்களாம். வெள்ளிக்கிழமை தங்கச்சி வினோதாவின் மகளுக்கு. சனிக்கிழமை எங்களுக்கு.

ஜூன் 14, வெள்ளி
வினோதா போனில் இருபதையும் சொல்லிவிட்டாள். யானை, கத்தரிக்கோல், ரயில்... புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பழைய பேப்பர் செய்ய வைத்தே பிள்ளைகளைக் கரைசேர்க்கிற டீச்சர் நான், சும்மா விடுவேனா? சாப்பாட்டுக்கு முன் மூன்று தரம், பின் மூன்று தரம். பிழைதான். தெரியும்.

ஜூன் 15, சனி
மானம் போயிற்று. இன்றைக்கு வேறு படங்கள்.
தனுஷிகா கையைக் கட்டிக்கொண்டு நின்று, பார்த்த படத்தில் ஒன்றைக்கூடச் சொல்லாமல், யானையில் தொடங்கி நேற்றைய இருபதையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். டாக்டர் திலக்ஷன் என் பக்கம் திரும்பினார்.
"நீங்க டீச்சருங்களா?"
"ஆமாங்க... அஞ்சாம் வகுப்புக்கு."
சிரித்துச் சிரித்து அவர் கண்ணாடியையே கழற்றிவிட்டார். பிறகு, "கண்ணால பார்க்காத இருபது படத்த ஒரே நாள்ல பாடமாக்குன பிள்ளைக்கா மறதின்னு பயப்படுறீங்க?" என்றார். வெங்காயக் கதையைச் சொன்னேன். அவர் அவளிடம், கடைக்குப் போகிற வழியில் என்ன பார்த்தாய் என்று கேட்டார்.
"நாய் குட்டி போட்டிருந்திச்சு. ஆறு. ஒண்ணுக்கு மட்டும் வால் வெள்ளை."
"இந்த வயசுல மனசு எங்க போகுதோ அதுதான் மண்டையில நிக்கும். அந்த மரபணு இவளுக்கு இருக்கான்னு தெரியாது. இருந்தாலும் நோய் வந்தே தீரும்னு இல்ல. வளர்ந்ததும் வேணும்னா அவளே டெஸ்ட் பண்ணிப் பார்த்துக்கட்டும்" என்றார்.
பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். நடுவில் கொஞ்சம் அழுதேன். பக்கத்து சீட்டு அக்கா, "என்னா தங்கச்சி, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்.

ஜூன் 24, திங்கள்
தனுஷிகா மழைக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தொப்பலாக நனைந்து வந்தாள். வாசலிலேயே நிறுத்தி, அடுத்த லயத்துக்கே கேட்கிற மாதிரி ஏசினேன். தலையைத் துவட்டிவிடும்போதுதான் கவனித்தேன், எனக்குப் பயமே வரவில்லை.