தோன் பல்தசார் குனிந்த கதை

லிமா, கப்பான் தெரு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மிலாக்ரோஸுக்கு, சித்தப்பா லியோன்சியோ எழுதுவது. இங்கே நலம். அந்தக் குளிர் ஊரில் நீயும் நலமாக இருக்க வேண்டும்.

இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். சீனாவிலிருந்து கூலியாக வந்த நம் பூட்டன் லாவ் ஃபூனைக் கரும்புப் பண்ணைக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தத் தாளைக் கேட்டு, பண்ணை வாரிசு தோன் பல்தசார் வீட்டு வாசலில் நாம் வெயிலில் நின்றோமே, அன்றைக்கு. "சீனன் காகிதமும் எங்க சொத்துதான், போங்க" என்று மாடியிலிருந்தே விரட்டியவர், நீ அங்கிருந்தே ஏற்பாடு செய்த நம் முன்னோர் கண்காட்சிக்கு அதே தாளை இரவல் கொடுத்தார். சுவரில் தன் பெயர் வருமே என்ற ஆசை.

நீ வரைந்து அனுப்பியபடியே, முன்னோருக்குப் படைக்கும் சிவப்புப் பீடம் வைத்தேன். பூட்டனுக்குப் புகைப்படம் கிடையாது. படம் இருக்க வேண்டிய இடத்தில் தாளை நிறுத்தினேன். முன்னால் ஆரஞ்சு, மூன்று கிண்ணம் சாராயம், கன்றுக்குட்டி அளவுக்கு ஓர் அவித்த கோழி. கூட்டம் ஐயாயிரம் பேர். மந்திரிகள் மட்டும் நாலு.

தோன் பல்தசார் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் கேட்டார். நான் மூன்று ஊதுபத்தியைக் கொளுத்திக் கையில் கொடுத்து, "எங்க ஆளுங்க திறப்பு விழா இப்படித்தாங்க ஐயா, மூணு தடவ குனியணும்" என்றேன். குனிந்தார். கேமராக்கள் மின்னின. மூன்றாவது தடவை நெற்றி பீடத்திலேயே இடித்தது. மீன்கடை ரமோனாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "உங்க பெரியவங்க சங்கிலி போட்ட ஆளையே கும்பிட்டுட்டீங்களே ஐயா, இனிமே அவரு உங்களுக்கும் பாட்டன்தான்" என்றாள். அவர் முகம் காடியில் ஊறிய முள்ளங்கி மாதிரி ஆனது. என் வயிறு குளிர்ந்தது.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம். நேற்று தாளைத் திரும்ப வாங்க டிரைவர் வந்தான். "கும்பிட்ட முன்னோரைப் பெட்டியில போட்டுப் பூட்டப்போறாரா? அவரையே வரச் சொல்லு, படம் எடுக்கறவங்களையும் கூப்பிடறேன்" என்றேன். ஒரு மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுக் கடிதம் வந்தது. தாள் நமக்கே.

அது இப்போது உன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் அடக்கத்துக்கும் விமானத்தில் இடமில்லை என்றாய், இந்தத் திறப்பு விழாவுக்கும் இல்லை என்றாய். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஊரெல்லாம் மூன்று என்று சொல்லிச் சொல்லி உனக்கும் அப்படியே எழுதிவிட்டேன். தோன் பல்தசார் குனிந்தது இரண்டு தடவைதான். இரண்டாவதில் தாளில் இருந்த தன் கொள்ளுத்தாத்தா கையெழுத்து கண்ணில் பட்டு நிமிர்ந்துகொண்டார். மூன்றாவது நான் கதையில் சேர்த்தது. மிச்சமிருக்கும் அந்த ஒரு வணக்கத்தைப் பூட்டனுக்கு நம் வீட்டு ஆள் யாராவது செய்தாக வேண்டும். எனக்கு இடுப்பு வளையாது மகளே.

உன் சித்தப்பா,
லியோன்சியோ லாவ்