கட்டட முறிக்குக் கை தூக்கிய கதை

அன்பு நிறைந்த பெறாமகள் கௌசிக்கு,

ரொறன்ரோவிலிருந்து உன் சித்தப்பா எழுதுவது. நானும் சித்தியும் மூச்சுக்கும் முழங்கால் வலிக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் மருமகனும் அந்த வெலிங்டன் காற்றில் பறந்துபோகாமல் சுகமாக இருக்கவேண்டும் என்று றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் யோசிப்பதாகச் சொன்னார். உன் அப்பா போன நாளிலிருந்து உன்னைப் பெறாமகள் என்று கூப்பிட எனக்கு நாக்கு வளைந்ததில்லை, ஆனால் கடிதத்தில் எழுதினால் அரச கட்டளை மாதிரிக் கம்பீரமாக இருக்கிறது, ஆகையால் எழுதினேன். போன கிழமை நீ தொலைபேசியில் சங்கத்து வாக்கெடுப்பு என்னவாயிற்று என்று கேட்டாய், சித்தி பக்கத்தில் நின்றதால் நல்லபடி முடிந்தது என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது சித்தி கடைக்குப் போயிருக்கிறாள். பூமியும் வானமும் சாட்சியாகச் சத்தியம் பண்ணித் தொடங்குகிறேன்: இதை நீ நம்பமாட்டாய், மருமகன் நம்பமாட்டான், நியூசிலாந்தில் ஒரு செம்மறிகூட நம்பாது.

நீ அறிந்தவைதான், இருந்தாலும் சரித்திரத்தை முறைப்படி எழுதவேண்டும். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் இத்தனை காலமும் வாடகை வகுப்பறைகளில் நடந்தது, வருகிற செப்டெம்பரிலிருந்து அறைகள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், ஏன் என்று கேட்டதற்கு வந்த விளக்கத்தை நான் வாசித்து முடிப்பதற்குள் எனக்கு இரண்டு தரம் தலைமயிர் வெட்டவேண்டி வந்தது. சித்தி அங்கே படிப்பிக்கத் தொடங்கியபோது நீ முன்வரிசையில் மூக்கொழுகிக்கொண்டு இருந்தாய், இப்போது உன்னோடு படித்தவர்களின் பிள்ளைகள் அதே வரிசையில் அதே மூக்கோடு இருக்கிறார்கள். அறை இல்லை என்ற செய்தி வந்த அன்று அவள் சமைத்தாள், சாப்பிடவில்லை. பிறகு சங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. அஜின்கோர்ட்டில் இருக்கிற எங்கள் பழைய மண்டபத்தை இடித்து அதே நிலத்தில் இரண்டு மாடியில் பள்ளிக்கூடம் கட்டுவது, அதற்கு ஊர்ச்சனங்களிடம் கடன்பத்திரம் விற்றுப் பிறகு வட்டியோடு திருப்பிக் கொடுப்பது. இங்கே இதற்குப் பொண்ட் என்று பெயர். அங்கத்தவர்கள் வாக்களித்துச் சம்மதிக்கவேண்டும்.

ஆனால் அந்த மண்டபத்தில் கிழமை நாட்களில் நாங்கள் இருக்கிறோம் மகள். நாங்கள் என்றால் கிழடுகள், முந்நூற்றிநாலு என்று சீட்டு விளையாடுகிற, பழைய பேப்பருக்கு அடிபடுகிற, ஒரே பகிடியை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்டுச் சிரிக்கிற கூட்டம். அதில் குலசிங்கம் அண்ணையை உனக்கு நினைவிருக்கும், உன் கலியாணத்தில் மூன்றாம் பந்தியிலும் பாயாசம் கேட்டவர். எண்பது தாண்டிவிட்டார், அவர் மனைவி போனபிறகு மகன் வீட்டு பேஸ்மென்ற்றில் இருக்கிறார். காலையில் வீட்டுக்காரர் எல்லோரும் வேலைக்குப் போனதும் ஷெப்பர்ட் பஸ்ஸில் ஏறி மண்டபத்துக்கு வருவார், பின்னேரம் திரும்புவார். மண்டபம் இல்லாவிட்டால் அவரோடு கதைக்க அந்த பேஸ்மென்ற் ஹீற்றர் ஒன்றுதான் மிச்சம், அதுவும் விட்டு விட்டுத்தான் சத்தம் போடும். சீட்டு விளையாட்டுக்கு நடுவில் ஒருநாள் அவர் என்னைப் பார்த்து, நீ என்ன செய்யப்போறாய் இராசு என்று கேட்டார். என்ரை வாக்கு உங்கடை வாக்கு அண்ணை என்று மார்பில் அடித்துச் சொன்னேன். அன்று வீட்டுக்கு வந்தால் சித்தியும் அதையே கேட்டாள், அவளுக்கும் மார்பில் அடித்தேன். வாக்குச் சீட்டு என்பது மடித்துப் பெட்டிக்குள் போடுவது, உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டிக்கு மட்டுந்தானே தெரியும் என்று இருந்துவிட்டேன். பெட்டியின் முன்னால் நிற்கும்போது எதைப் போடுவது என்று யோசிக்கலாம் என்றும் நினைத்தேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்தன்று முழு ஸ்காபரோவும் வந்திருந்தது, ரெக்ஸ்டேலில் இருந்துகூட வந்தார்கள், இடமில்லாமல் கார்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள், பனி யன்னல்களை மூடிக் கூரையில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தது. செயலாளர் வினோதன் இங்கேயே பிறந்த பிள்ளை, தமிழ்ப்பற்றுக் கரைபுரண்டு ஓடுகிறவன். பொண்ட் என்பதற்குத் தமிழ் தேடிக் கொழும்புப் பத்திரிகைகளைக் கிண்டி, முறி என்று எடுத்து, பள்ளிக்கூடக் கட்டட முறியை ஆதரிக்கிறீர்களா என்று வாக்குச் சீட்டில் அழகாக அச்சடித்திருந்தான். அந்தச் சொல் எங்கள் காதுக்கு வருமுன்னமே நாங்கள் நாட்டை விட்டு வந்துவிட்டோம், எங்களுக்கு முறி என்றால் முறிப்பதுதான். குலசிங்கம் அண்ணை எழும்பினார். “தம்பி, கட்டடத்தை முறிக்கிறதுக்கு எங்களிட்டையே வாக்குக் கேக்கிறியோ?” என்றார். மண்டபம் சிரித்த சிரிப்பில் பனி கூரையிலிருந்து சரிந்தது. வினோதன் சிவந்துபோய், இல்லை அங்கிள், முறி எண்டால் பொண்ட், இது பில்டிங் கட்டுறதுக்கு என்றான். அப்ப முறிக்கேல்லையோ என்று கேட்டார். முறிக்கத்தான் வேணும் அங்கிள், முறிச்சுப்போட்டுத்தான் கட்டுவம் என்றான். “அப்ப நான் சரியாத்தானே வாசிச்சனான்” என்றார். அதற்குச் சிரித்தவர்கள் குறைவு. எவ்வளவு காலம் என்று கேட்டார். மூண்டு வருஷந்தான் அங்கிள், பிறகு கீழ்மாடியிலை உங்களுக்கெண்டு வடிவான றூம் ஒண்டு இருக்கும் என்று பிள்ளை நல்ல மனதோடுதான் சொன்னான். உன்ரை மூண்டு வேறை, என்ரை மூண்டு வேறை தம்பி என்று சொல்லிவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

அதோடு குழப்பம். முறிக்கு ஓம் என்றால் முறிக்கவோ கட்டவோ என்று சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஆள் கத்தத் தொடங்கினார்கள். தலைவி வேரோனிக்கா ரீச்சர் மேசையில் தட்டின தட்டில் மேசை இரண்டானது. “உந்தத் துண்டுகளை எடுத்து வையுங்கோ, ஆர் எதுக்குப் போட்டதெண்டு கடவுளுக்கும் விளங்காது. பள்ளிக்கூடம் வேணும் எண்டவை கையைத் தூக்குங்கோ” என்றார். எனக்கு நெஞ்சு நின்று, பிறகு வேறு வழியில்லாமல் மறுபடி அடித்தது. முன்வரிசையில் சித்தியின் கை உயர்ந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பி ஒரு முறை முறைத்திருந்தாலும் எனக்கு ஒரு சாட்டுக் கிடைத்திருக்கும், கோபத்தில் பேசாமல் இருந்திருப்பேன். நான் என்ன செய்வேன் என்று தெரிந்துகொள்ள விரும்பாதவள் மாதிரி முன்னால் இருந்த கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் குலசிங்கம் அண்ணை இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தார். நான் தூக்கினேன் மகள். சும்மா தூக்கவில்லை, என் கை மண்டபத்துக் கூரையைத் துளைத்துக்கொண்டு போனது, சிஎன் கோபுரம் எட்டி யார் இது என்று பார்த்தது, பியர்சனில் இறங்கவந்த விமானம் ஒன்று என் சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டு ஹமில்ரன் பக்கம் போனது.

தீர்மானம் வென்றது. நிறையக் கைகள், என் கை இல்லாமலே வென்றிருக்கும். சித்தி அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புதுக் கட்டடத்தில் யன்னல் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று கதைத்தாள், அவளை அப்படிப் பார்த்து எவ்வளவோ காலம். மாசி முடிவோடு மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள், இப்போது சுற்றிக் கம்பிவேலி. எங்கள் ஆட்கள் சிதறிவிட்டார்கள், ஒருவர் வீட்டில் கூடலாம் என்று எல்லோரும் சொன்னோம், ஒருவரும் கூப்பிடவில்லை, எல்லோர் வீடும் பிள்ளைகளின் வீடு. குலசிங்கம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தால் பிறகு எடுக்கிறன் இராசு என்று மரியாதையாக வைக்கிறார், எடுப்பதில்லை. போன செவ்வாய்க்கிழமை பல்லு வைத்தியரிடம் போய்வரும்போது கடைத்தொகுதிக்குள் அவரைக் கண்டேன். சப்பாத்துக் கடைக்கு முன்னால் இருக்கிற வாங்குப் பலகையில், கோட்டைக் கழற்றாமல், கையில் ஒன்றும் இல்லாமல் இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். இஞ்சை நல்ல சூடு கிடக்கு, பஸ்ஸும் வாசல்லை நிக்குது என்றார். வீட்டுக்கு வாங்கோ அண்ணை என்றேன். உன்ரை மனுசிக்கு வேலை கூட, பள்ளிக்கூட அலுவல் எல்லாம் கிடக்குமே என்றார். பகிடி ஒன்று சொல்ல வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை, என்னிடம் பகிடி வராமல் போனது உலக அதிசயங்களில் எட்டாவது என்று எழுதிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குலசிங்கம் அண்ணைக்கு நீ ஒருதரம் தொலைபேசி எடு. உன் குரலுக்கு வைக்கமாட்டார். நான் சொன்னதாகச் சொல்லாதே. நீ நேரத்துக்குச் சாப்பிடு, மருமகனோடு வாக்குவாதம் வந்தால் நீயே வெல்லு, காற்றுக் காலத்தில் காதை மூடு, சித்திக்குப் படம் அனுப்பு. நீயும் உன் வீடும் நிறைந்து, நோய் நொடி அண்டாமல், எங்கள் ஆயுளில் பாதியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு இருக்கவேண்டும் என்று நானும் சித்தியும் வாழ்த்துகிறோம்.

கார்களை அடுக்கினது, மேசை பிளந்தது, விமானம் சுற்றினது எல்லாம் நான் உண்டாக்கியவை, நீயும் நம்பியிருக்கமாட்டாய். நான் கை தூக்கினேன் என்று எழுதினேனே, அந்தச் சின்னத் துண்டு மட்டும் மெய். ஆனால் நான் தூக்கியது காதளவுக்குத்தான், சித்தி கண்டால் காணட்டும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் போகட்டும் என்று. மிச்ச உயரத்துக்கு அதைத் தூக்கியது குலசிங்கம் அண்ணை. என் முழங்கைக்குக் கீழே தன் கையை வைத்து, “வடிவாத் தூக்கு இராசு, எண்ணுற பெடியனுக்குத் தெரியேல்லை” என்று சொல்லி, எண்ணி முடியும்வரை தாங்கிக்கொண்டிருந்தார்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
இராசரத்தினம்