தயாராக நின்ற வண்டி

அன்பு மகள் ஜினிஷாவுக்கு அம்மா எழுதுவது,

அந்தக் குளிரிலும் நைட் டூட்டியிலும் கர்த்தர் உன்னைச் சுகமாக வைத்திருக்க தினமும் கேட்டுக்கொள்கிறேன் மக்களே. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். இன்று காலை எழுந்ததும் முதல் காரியமாக, பைபிளைக்கூடத் திறக்காமல், கட்டன் சாயாவுக்கு வைத்த தண்ணீரின் ஆவியில் ஒரு பழைய நோட்டைப் பிடித்து, ஒட்டிக்கிடந்த இரண்டு தாள்களைப் பிரித்தேன்.

அப்பா வாங்கிய சவ வண்டியின் படத்தைப் பார்த்து நீயும் சூப்பர் என்று எழுதியிருந்தாய். நம் சபை ஒரு காலத்தில் ஓட்டிய அதே வண்டி அது. ஏலத்தில் போய், திருவட்டாறுக்கு அந்தப் பக்கம் ஒரு மர அறுப்பு மில்லின் பின்னால் கோழி அடைகிற கூடாகக் கிடந்ததைத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். எட்டு மாதமாக முற்றத்தில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது, துணி காயப்போட இடமில்லை. முதல் நாள் பால்காரர் தூக்குச்சட்டியோடு வாசலிலேயே நின்று, ஆரு தவறினது என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அப்பா சேஸிஸ் எண்ணைத் துருவிலிருந்து தேய்த்தெடுத்து இங்கிலாந்தில் பழைய வண்டிகள் சேர்க்கிற ஒருவருக்கு மெயில் அனுப்பினார். 1949-இல் செய்தது, இதே மாதிரி உடல் கட்டிய சவ வண்டி இன்னொன்று மிஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை என்று பதில் வந்த அன்று சந்தோஷத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கோட்டாறு ஆசாரிகள் செய்த தேக்குச் சட்டம், பக்கக் கண்ணாடி, பெட்டி உருளுகிற பித்தளை உருளைகள், எல்லாம் அப்படியே இருக்கின்றன. நானும் ஆசையாகத்தான் கூட நின்றேன், அதை மறைக்கமாட்டேன். நான் எம்.ஏ. சரித்திரம் படித்தது ஒருவழியாக ஒரு காரியத்துக்கு ஆனதே என்று சந்தோஷப்பட்டேன்.

அந்தக் காலத்து டிரைவர் ஞானசிங்கின் மகள் வீட்டுப் பரணில் வண்டி ஓடிய கணக்கெழுதிய புத்தகம் கிடைத்தது, மேலே சொன்ன நோட்டு அதுதான். அதைத் தட்டச்சு செய்கிற வேலை என்னுடையது. ஞானசிங் ஒரு சாவையும் எழுதாமல் விட்டதில்லை. சபையில் யார் இறந்தாலும் வண்டியைக் கழுவிப் பெட்ரோல் ஊற்றி ஆலயத்து ஷெட்டில் தயாராக நிறுத்துவாராம். ஓடினால் யாருக்கு, எங்கிருந்து எங்கே என்று எழுதுவார். ஓடாவிட்டால் ஏன் என்று எழுதி, வேண்டாமென்று சொன்னவரிடமே கையெழுத்து வாங்குவார், நாளைக்குப் பழி தன் தலையில் விழக்கூடாது என்று. 1989 நவம்பருக்குரிய இடத்தில் இரண்டு தாள் ஒட்டியிருந்தது. எலி மூத்திரம் பட்டிருக்கும், பிரித்தால் கிழியும், விட்டுவிடு என்றார் அப்பா. எலி மூத்திரத்துக்கு வெள்ளைப் பசையின் ஓரம் எப்படி வரும்? நவம்பர் என்ன மாதம் என்று எனக்குத் தெரியாதா?

உள்ளே இருந்தது ஒரே வரி. “14-11-89. ஜெபமணி வாத்தியார். வண்டி தயார். கமிட்டி உத்தரவு, கொடுக்கவில்லை.” ஜெபமணி வாத்தியார் என் அப்பா. கீழே இருந்த கையெழுத்து அப்போது சபைச் செயலாளராக இருந்த உன் அப்பாவின் அப்பாவுடையது. கமிட்டித் தேர்தல் முறையாக நடக்கவில்லை என்று என் அப்பா பத்மநாபபுரம் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார், அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். எங்களிடம் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். மழையில் மாமாமார் நான்குபேர் பெட்டியைத் தோளில் தூக்கிக் கல்லறைத் தோட்டம் வரை நடந்தார்கள். கால்வாய்ப் பாலத்தில் ஒருவருக்குக் கால் வழுக்கிப் பெட்டி சரிந்தபோது, உள்ளே என் அப்பாவின் தலை பலகையில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. எனக்குப் பதினொரு வயது. என் அம்மா சாகிற வரைக்கும், பாவம் வண்டி ரிப்பேர், அவங்க என்ன செய்வாங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். என்னை அந்த வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தபோது, வழக்குக்காரன் மகளென்று பார்க்காமல் வந்தாங்களே என்று உருகிப்போனாள்.

நோட்டைக் கொண்டுபோய் அப்பாவின் முன்னால் வைத்தேன். பார்த்தீங்களா என்று கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கிழிச்சிருக்கலாம்லா, கிழிக்கல்லியே,” என்றார்.

பழைய காகிதத்தைக் கிழிக்க மனசு வராதாம், மனைவியை ஏமாற்ற மட்டும் வருமாம். பிறகு, ரெண்டு அப்பாமாரும் மரிச்சாச்சு, இனி ஆருக்கு வேண்டி இதைத் தோண்டுத என்றார். எனக்கு வேண்டியாக்கும் என்றேன். பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஒட்டியதைக்கூட ஒரு பயம் என்று பொறுத்திருப்பேன். ஒட்டிய பிறகு போய் பித்தளைப் பலகை செய்யக் கொடுத்திருக்கிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியைச் சபைக்கே திரும்பக் கொடுத்துப் பிரதிஷ்டை பண்ணுகிறார்கள், கதவில் அவருடைய அப்பாவின் பேர். நான் புதுச்சேலை கட்டி முன் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டவேண்டும். வேலையிலிருக்கிறவர் வண்டி வாங்கினால் பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்கவேண்டும், அதற்குச் சோம்பி வண்டியின் ஆர்.சி.யை என் பேரில்தான் மாற்றினார். சபைக்கு எழுதிக் கொடுக்கிற படிவம் இரண்டு நாளாக ஃபிரிட்ஜ் மேலே என் கையெழுத்துக்காகக் கிடக்கிறது.

அப்பாவுக்கு நீ போன் பண்ணிச் சண்டை போடவேண்டாம், இது எனக்கும் அவருக்கும் உள்ளது. நீ கெட்டவருக்குப் பிறந்தவள் இல்லை, பயந்தவருக்குப் பிறந்தவள். உனக்கு வாய்க்கிறவன் உன் நல்லதுக்குத்தான் மறைத்தேன் என்று சொன்னால், அந்த இடத்திலேயே எதை என்று கேள். வைட்டமின் மாத்திரையை விட்டுவிடாதே, டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும் மக்களே.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் போதகரிடமும். நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. வண்டி நம் முற்றத்திலேயே கழுவிப் பெட்ரோல் ஊற்றித் தயாராக நிற்கும், ஓட்டுவதற்கு ஒரு ஆளை நானே பார்த்துக்கொள்வேன். கேட்டு வருகிறவர் எந்தச் சபை, எந்தக் கோவில், யார்மேல் வழக்குப் போட்டவர் என்று விசாரிக்கமாட்டேன். வீடு எங்கே என்று மட்டும் கேட்பேன்.

உன் அம்மா