7:50க்கு வரும் ஒருவர்

மார்ச் 4

மழை விட்டிருந்தது. டிராம் தண்டவாளத்தில் தேங்கிய நீரில் எதிர்க்கட்டடம் தலைகீழாக நின்றது. குனிந்து படம் எடுத்தேன். எவ்வளவு நேரம் குனிந்திருந்தேனோ, சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்துப் பார்த்துவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து வலைப்பதிவில் ஏற்றிவிட்டுத்தான் அலுவலகம் கிளம்பினேன். என் சொந்தத் தளம். விளம்பரம் கிடையாது, லைக் கிடையாது, கருத்துப்பெட்டிகூடக் கிடையாது. எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிச் சொல்ல மட்டும் ஒன்று வைத்திருக்கிறேன். இன்றும் ஒருவர். காலை 7:50.

மார்ச் 6

ஒருவர். 7:50. யாரப்பா நீ?

மார்ச் 9

அம்மா போனில்: "மத்தியானமானா அப்பா லேப்டாப்ப மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துடறார்டி. கேட்டா நியூஸ்ங்கறார்."

இங்கே காலை 7:50 என்றால் அங்கே ஊரில் மத்தியானம். அப்படியானால் அந்த ஒருவர் அப்பாவா?

அப்பா என்னோடு பேசி இரண்டு வருஷமாகிறது. "போறதுன்னா போ. எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" அதுதான் கடைசி. வழியனுப்பக்கூட வரவில்லை.

மார்ச் 15

இப்போதெல்லாம் அப்பாவுக்காகவே எடுக்கிறேன். கட்டட வரைபடம் போட்டே தலை நரைத்தவர், அவருக்குக் கோடுகள் பிடிக்கும். பாலத்துக் கம்பிகள், நூலகத்தின் சுழல் படிக்கட்டு, கண்ணாடிச் சுவரில் நகரும் மேகம். நடக்கும்போதே மனசுக்குள் அவரிடம் பேசிக்கொண்டு போகிறேன். நேற்று இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது.

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரி, மென்பொருளில் பிழை தேடும் டெஸ்டர், நம் மொழிக்காரி. "என்ன, ஒரு வாரமா மிதக்கறே? யாரையாவது பாத்துட்டியா?" என்றாள். சிரித்து மழுப்பினேன்.

மார்ச் 21

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தினமும் டாண்ணு ஏழு அம்பதுக்கா? மனுஷங்க அப்படி வர மாட்டாங்களே."

டெஸ்டர் புத்தி. அவள் முன்னாலேயே தளத்துக்கு யார் யார் வந்தார்கள் என்ற பதிவேட்டைத் திறந்தேன். வந்துகொண்டிருந்தது என் நிரல். தளம் உயிரோடு இருக்கிறதா என்று தினம் காலையில் போய்ப் பார்க்க, மூன்று வருஷம் முன்னால் நானே எழுதி வைத்தது. அதை எண்ணாதே என்று எண்ணிக்கைக் கருவிக்குச் சொல்ல மறந்து, எழுதியதையே மறந்து—

நானே போய் என் கதவைத் தட்டிட்டு, யாரோ வந்துட்டாங்கன்னு பூரிச்சுப் போயிருக்கேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! அழுகையா வருது.

நிறுத்திவிட்டேன், அதை.

மார்ச் 22

பூஜ்யம்.

மார்ச் 25

பனிமூட்டம். தெருவிளக்குகள் மட்டும் அந்தரத்தில் தொங்கின. கேமராவைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. யாருக்காக?

மார்ச் 26

அப்பாவிடமிருந்து மெயில். அப்பாவிடமிருந்து!

"நாலு நாளா படம் வரல. கேமரா ரிப்பேரா, நீ ரிப்பேரா?"

வரலையா? எங்கே வரலை? தளத்தின் அமைப்பு முழுக்கத் தேடினேன். பதிவு ஏறியதும் படத்தோடு மெயிலில் அனுப்பும் வசதி ஒன்று இரண்டு வருஷம் முன்னால் செய்திருந்தேன். வாசகர் யாரும் அதில் சேராததால் திரும்பியே பார்க்கவில்லை. பட்டியலில் ஒரே ஒரு முகவரி. மெயில் போகிறதா என்று பார்க்க நான் அன்று போட்டது. அப்பாவுக்கு நானே தொடங்கிக் கொடுத்த முகவரி என்பதால் மனப்பாடமாக இருந்திருக்கிறது. பிறகு எடுக்க மறந்திருக்கிறேன்.

இரண்டு வருஷமாக, தினம் ஒரு படம் அவர் மடிக்குப் போயிருக்கிறது. தளத்துக்கு அவர் வர வேண்டியதே இல்லை. அதனால் எந்த எண்ணிக்கையிலும் விழவில்லை.

"நான்தான்பா ரிப்பேர்" என்று பதில் போட்டேன். கண்ணீர் மறைத்து எழுத்தே தெரியவில்லை.

மார்ச் 27

மறுபடி பனி. ரயில் நிலையப் படிகள் பாதியிலேயே கரைந்து போயிருந்தன. படம் எடுத்து ஏற்றினேன். வருகை, பூஜ்யம். அந்த எண்ணிக்கைக் கருவியையே கழற்றிவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: "படிக்கட்டுக் கைப்பிடி சாஞ்சிருக்கு. கேமராவ நேரா பிடி. குளிருக்கு ஏதாவது போட்டுக்கிட்டியா?"

போட்டுக்கிட்டேன்பா என்று எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் எழுந்துபோய் ஸ்வெட்டரை எடுத்தேன்.