அக்கா பெயர் ஒட்டிய பாட்டில்

தேவனாம்பட்டினம்,
கடலூர்.
12.8.2025

அண்டசராசரத்தையும் கண்ணாடிக் குழாயில் அடைத்து ஆட்டிப் பார்க்கும் என் அக்கா மகள் அறிவுமதிக்கு, வங்கக் கடலில் மிதக்கும் சகல படகு எஞ்சின்களுக்கும் ராஜவைத்தியனான உன் தாய்மாமன் சாமிக்கண்ணு ஆசி கூறி எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை.

யாராலும் நம்ப முடியாத கதை ஒன்றைச் சொல்லப் போகிறேன். இது சத்தியம். போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் இல்லாத நேரத்தில் பேசினாலும் என் வாய் வழக்கம்போல் கேலியில் போய் முடியும். அதனால்தான் எழுதி, போட்டோ பிடித்து உனக்கு அனுப்புகிறேன்.

முதலில் வீட்டு நிலவரம். சிதம்பரத்து ஆய்வுக்கூடத்தில் உன் தோழி எழிலரசி பரிசோதித்ததில் அம்மாவின் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியது தெரிகிறது, ஆராய்ச்சியை விட்டுவிட்டு மாசக் கடைசியில் ஐதராபாத்திலிருந்து வந்துவிடுகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய் அல்லவா? அன்றிலிருந்து உன் அம்மா உப்பைத் தொடுவதில்லை. வீட்டிலிருந்த கருவாடு முழுவதையும் தெருவுக்குத் தானம் செய்துவிட்டாள். நம் தெருப் பூனைகள் இப்போது ஆளுக்கு ஒரு சுற்றுப் பெருத்து, நடக்க ஆட்டோ தேடுகின்றன. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய வேர்ப்பொடியைக் கரைத்து இரண்டு வேளை குடிக்கிறாள். கால் தடுக்கியதுபோல் நடித்து அதைக் கொட்டினேன். மறுநாளே இன்னொரு பொட்டலம் வந்துவிட்டது. வேண்டாம் என்றால், "ஒனக்கு என்னாடா தெரியும்?" என்கிறாள். எனக்கு மட்டும்தான் தெரியும் கண்ணு. அதுதான் சங்கதி.

போன மாதம் அக்கா காலையில் பிடித்துக் கொடுத்த பாட்டிலில் ‘மங்கலம், வயது 59’ என்று சீட்டு ஒட்டி, நீ சொன்னபடி ஐஸ் டப்பாவில் வைத்து, சிதம்பரம் பஸ் ஏறினேன். கோபுரத்துக்குத் தங்கக் கலசம் கொண்டு போகிறவன்கூட அத்தனை விறைப்பாய் உட்கார்ந்திருக்க மாட்டான். கண்டக்டர் வந்து, "என்னா மாமா, எறாலா? லக்கேஜ் போடணும்" என்றான். மூத்திரம்டா என்று உள்ளதைச் சொன்னேன். "கத வுடாதீங்க மாமா. ஓரமா தள்ளுங்க" என்று காலால் டப்பாவை ஒரு தள்ளு தள்ளினான். ஐம்பத்தாறு வருஷத்தில் நான் சொன்ன முதல் உண்மைக்குக் கிடைத்த மரியாதை அது.

ஆலப்பாக்கம் தாண்டி ஒரு வேகத்தடை. பஸ் எழும்பிய எழும்பில் ஜன்னல் வழியே மேகம் உள்ளே வந்து டிக்கெட் கேட்டது. முன் சீட்டு அம்மாளின் பலாப்பழம் பறந்து, சுளை சுளையாய்ப் பிரிந்து, ஆளுக்கு இரண்டாய் மடியில் விழுந்தது. பஸ் மறுபடி பூமிக்கு வந்ததும் டப்பாவைத் திறந்தேன். பாட்டிலின் மூடி கழன்று, உள்ளே இருந்ததெல்லாம் ஐஸில் கலந்திருந்தது.

புதுச்சத்திரத்தில் இறங்கி நின்றேன். திரும்பிப் போனால் அக்கா திட்டுவாள். எழிலரசி ஏற்பாடு செய்த நாளும் தப்பிவிடும். ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே பானைச் சோறு, ஒரே குழாய்த் தண்ணீர், என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று கருவேலஞ்செடி மறைவில் பாட்டிலை நானே நிரப்பினேன். அதைத்தான் எழிலரசி வாங்கி வைத்தாள். "தாய்மாமன்னா இப்பிடித்தான் இருக்கணும்" என்று எனக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தாள்.

பஸ் பறந்ததை நீ நம்ப வேண்டாம். பாட்டிலை நம்பு. பொங்கலுக்கு வந்தபோது நீதானே பாடம் எடுத்தாய்? உடம்பின் ஒவ்வொரு செல்லும் கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொட்டலங்களைக் கட்டி வெளியே விடுகிறது, அந்தச் செல்லின் நிலவரம் அதற்குள் இருக்கும், சிறுநீரில் வருகிற பொட்டலங்களைப் பிரித்தால் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே நோயைப் பிடிக்க முடியலாம் என்றாய். ஞாயிற்றுக்கிழமை நீயே குழம்பினாய். ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சுரப்பியின் பொட்டலங்களும் இதில் இருக்கின்றன, ஆய்வுக்கூடத்தில் ஏதோ கலந்துவிட்டது என்றாய். ஒன்றும் கலக்கவில்லை, கண்ணு. எழிலரசியைத் திட்டாதே. அந்தப் பெண் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

அக்காவுடையதை இன்னும் யாரும் பார்க்கவே இல்லை. சர்க்கரைக்காரி என்பதால் அவளுக்கும் பார்த்தே ஆக வேண்டும். அதுவரை அந்தப் பொடியை நிறுத்தச் சொல்லி இன்றைக்கே போன் செய். நீ சொன்னால்தான் கேட்பாள். மற்றதை நானே அவளிடம் சொல்ல வேண்டும். நாலு தடவை போய் உட்கார்ந்தேன். நாலு தடவையும் அவளைச் சிரிக்க வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

என் சங்கதி பெரிதல்ல. எஞ்சின் தூக்கித் தூக்கி இடுப்பு போனதால் பதினைந்து வருஷமாய் மெடிக்கலில் வாங்கி முழுங்கிய வலி மாத்திரைகளை வரிசையாய் அடுக்கினால் இலங்கைக்கு நடந்தே போகலாம். சாயங்காலம் செருப்பு காலில் நுழைவதில்லை. சிறுநீரில் நம் கடற்கரையை விட நுரை ஜாஸ்தி. மாத்திரையை நிறுத்திவிட்டேன். வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இந்தத் தடவை என் பெயரையே சொல்வேன்.

நீ வரக் கூடாது. வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வீக்கம் வடியாது. நல்ல செல்களின் பொட்டலங்களையே மருந்தாய் உள்ளே அனுப்பிப் பழுது பார்க்கலாமா என்று எலிகளை வைத்துப் பார்க்கிறாயே, அது மனிதர்களுக்கு வர இன்னும் பல வருஷம் ஆகும் என்றாய். ஆகட்டும். அதற்குள் நீயும் விட்டுவிட்டு வந்தால் எலிகள் என்ன செய்யும், பாவம்.

நூறு பட்டம் வாங்கி, ஆயிரம் வருஷம் வாழ்ந்து, அப்போதும் மாமனைத் திட்ட உனக்குத் தெம்பிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எலிகளுக்கு அடுத்து வரிசையில் நிற்கும் உன் மாமன்,
சாமிக்கண்ணு.

பின்குறிப்பு: வரிசையில் நிற்பதாக எழுதியது விளையாட்டுக்கு அல்ல.