உயிரோடு பிடிபட்டவன்

ஜனவரி 9, செவ்வாய்

நவி மும்பை ஐரோலியில் எங்கள் கப்பல் காவல் கம்பெனி ஆபீஸில் ஒரே ஓட்டம். ஏடன் பக்கம் போகிற சரக்குக் கப்பலுக்குத் துப்பாக்கிக் காவலர்கள் அனுப்ப வேண்டும். ஆள் கிடைக்காமல் என் வீட்டுக்காரர் சாஜனையே தலைவராகப் போட்டேன். கூடவே, பக்கத்துச் சந்து நம்பிராஜன். ராணுவத்திலும் ஒன்றாக இருந்தவர்கள். நம்பி பெண்டாட்டி வந்தனா, "நீ அனுப்புததுனாலதான் விடுதேன்க்கா" என்றாள்.

ஜனவரி 17, புதன்

எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

காலையில் கொள்ளையர் படகுகள் நெருங்கின. சாஜன் வானத்தை நோக்கிச் சுட்டும் அவை திரும்பவில்லை. கொக்கி ஏணி போட்டு ஏறிவிட்டார்கள். முதலில் ஏறியவன் சுட்டதில் நம்பியின் கழுத்து பிய்ந்துபோனது. சாஜன் சுட்டதில் அடுத்து ஏறியவன் கடலில் விழுந்தான். படகுகள் ஓடிவிட்டன. நம்பியைக் கொன்றவன் மட்டும் தொடையில் குண்டோடு தளத்தில் கிடந்தான்.

சாட்டிலைட் ஃபோனில் சாஜன். பின்னால் மாலுமிகள் அவனைக் கம்பியால் அடிக்கும் சத்தம், அவன் அலறல்.

"நம்பி போயிட்டான், ரெபேக்கா. இவனக் கடல்ல தூக்கிப் போடணுங்கானுவ. எனக்கும் அதான் தோணுது. போட்டுரட்டா?"

முதலாளி ஜகந்நாதன் என் தோளைத் தொட்டார். "ஃபோனை வைம்மா. கேப்டன் பாத்துப்பார். நமக்கு ஒண்ணும் தெரியாது."

நான் வைக்கவில்லை.

"போடாதிய. யாரையும் அவங்கிட்ட விடாதிய. நீங்க நீங்களா வீட்டுக்கு வரணும்."

"பீச்சே ஹட்டோ!" என்று, பின்னால் தள்ளிப் போகச் சொல்லி இந்தியில் கத்தினார் சாஜன். துப்பாக்கியை மாலுமிகள் பக்கமே திருப்பிவிட்டாராம்.

ஜனவரி 18

கடற்படை வந்து அவனைக் கொண்டுபோனது. உயிர் இருக்கிறதாம்.

ஜனவரி 28, ஞாயிறு

நம்பியை எரித்துவிட்டு வந்தோம். அவன் வீட்டு வாசலிலேயே வந்தனா கேட்டாள்: "அவரக் கொன்னவன யாரு காப்பாத்துனது?"

சாஜன் வாயெடுக்குமுன், "நாந்தான் சொன்னேன்" என்றேன்.

கையிலிருந்த செம்பால் என் நெற்றியில் அடித்தாள். மறுபடியும். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. குறுக்கே வந்த சாஜனையும் அடித்தாள், கை ஓயும்வரை. யாரும் தடுக்கவில்லை.

நான் செஞ்சது சரியா? தெரியலியே, கர்த்தாவே.

பிப்ரவரி 5

துப்பாக்கியைத் தங்கள் பக்கம் நீட்டினார் என்று மாலுமிகள் புகார் கொடுத்திருக்கிறார்கள். சாஜனுக்கு இனிக் கப்பல் இல்லை. முதலாளி சொல்லியும் ஃபோனை வைக்காத எனக்கு இனி ஆபீஸ் இல்லை.

பிப்ரவரி 21, புதன்

நம்பியைக் கொன்றவனை இன்று மும்பை கோர்ட்டில் நிறுத்தினார்கள். காலையிலேயே வந்தனா வாசலில் நின்றாள். என் நெற்றித் தழும்பைப் பார்த்தாள், பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"அவன் மூஞ்சியப் பாக்கணும். தனியாப் போவ முடியல. கூட வாறியாக்கா?"

ரயிலில் இடம் கிடைத்ததும் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.